ஐந்து நாற்காலி குறைந்தது

கொக்கி என்று யாராவது கூப்பிட்டால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்து என்ன ஆகப்போகிறது? முப்பது வருடம் கம்பி வளைத்ததில் வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கியபடியே நின்றுவிட்டன. டம்ளரைப் பிடிக்க வசதி, பஸ்ஸில் தொங்க வசதி, யாரிடமாவது கை குலுக்கத்தான் சங்கடம். வேலைத்தளத்தில் யாரோ ஒரு விளையாட்டுக்காரன் வைத்த பெயர், கடைசியில் மாமியார் வீடு வரை போய் ஒட்டிக்கொண்டது.

கட்டடத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிற கம்பியை அளந்து, வெட்டி, வளைத்து, கட்டுகிற வேலை அவருடையது. கொத்தனார் எழுப்பிய சுவரை நாலு பேர் பார்ப்பார்கள். பெயின்டர் அடித்த வர்ணத்தைத் தெருவே பார்க்கும். கம்பிக்காரன் செய்ததை மட்டும் யாரும் பார்க்க மாட்டார்கள். கான்கிரீட் விழுந்த பிறகு அவனே நினைத்தாலும் பார்க்க முடியாது. இந்த மனிதரின் வாழ்க்கையில் புகுந்த வில்லங்கமே அதுதான்.

வளைவு என்று அவர் வீட்டில் ஒரு வார்த்தை சொன்னால் மூன்று பேர் மூன்று விதமாகத் திரும்புவார்கள். மனைவி தையல்காரி. அவளுக்கு வளைவு என்றால் கை இணைப்புக்கு வெட்டுகிற வளைவு. "நேரா வெட்டறதுக்கு யாரா இருந்தா என்ன? வளைவு வெட்டறவதான் டெய்லரு" என்பாள். மச்சான் பஸ் ஓட்டுகிறவர். அவருக்கு வளைவு என்றால் ஹாரன் அடி, வேகத்தைக் குறை, எதிரே எமன் வரலாம். கொக்கிக்கோ வளைவு என்றால் சோறு. மரப்பலகையில் அடித்த முளைகளுக்கு நடுவே கம்பியைக் கொடுத்து, சாவி என்கிற நீள இரும்புப் பிடியை மாட்டி ஒரு இழுப்பு இழுத்தால் கம்பி சொன்ன பேச்சு கேட்கும்.

ஆனால் அதே வார்த்தைக்கு இன்னொரு முகம் இருக்கிறது என்று அவருக்குக் காட்டியவர் ஒரு என்ஜினியர். இளவயசுக்காரர், கண்ணாடி போட்டவர், சட்டைப்பையில் எப்போதும் ஒரு அழிரப்பர் இருக்கும். கொக்கிக்கு அப்போது முப்பத்தொரு வயது. மூன்று மாடிக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு மாடிக்கும் தெருவைப் பார்த்து ஒரு பால்கனி. என்ஜினியர் ரப்பரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறு முனையைக் கீழே அழுத்தினார்.

"பாருங்க. பால்கனி சுவத்துல இருந்து வெளிய நீட்டிட்டு நிக்குது. பாரம் ஏறினா இப்படித்தான் வளையும். எந்தப் பக்கம் இழுபடுது?"

"மேல் பக்கம் சார்."

"அப்ப கம்பி எங்க இருக்கணும்?"

"மேல."

"அவ்வளவுதான். ரூமுக்குள்ள கம்பி அடியில கெடக்கலாம். பால்கனியில மேலதான் நிக்கணும். கம்பி வளையலாம், கான்கிரீட் வளையக் கூடாது. அது வளைஞ்சா வியாதி."

கம்பி மேலேயே நிற்பதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. மீந்த துண்டுக் கம்பியைக் கால் வைத்த மாதிரி வளைத்து அடியில் முட்டுக் கொடுப்பார்கள். அதற்கு நாற்காலி என்று பெயர். ஒரு பால்கனிக்குப் பன்னிரண்டு நாற்காலி என்று என்ஜினியர் கணக்குச் சொல்லியிருந்தார். முதல் மாடிக்குப் பன்னிரண்டு. இரண்டாம் மாடிக்குப் பன்னிரண்டு.

மூன்றாம் மாடிப் பால்கனிக்குக் கான்கிரீட் போட்ட நாள்தான் அவர் மனைவிக்குத் தையல் மெஷின் வந்த நாள். அதுவரை அவள் அடுத்தவர் மெஷினில் கூலிக்குத் தைத்துக்கொண்டிருந்தாள். பழைய மெஷின்தான், பக்கத்து ஊரிலிருந்து லாரியில் வருகிறது. காலையில் டிபன் டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டு அவள் மூன்று தடவை சொன்னாள்: "நாலு மணிக்கு லாரி ஷெட்டுல நில்லுங்க. ஆள் இல்லேன்னா எறக்கிப் போட்டுட்டுப் போயிடுவான். மறந்தீங்க, அவ்வளவுதான்."

மறக்கவில்லை, பாவம். அதையே நினைத்துக்கொண்டிருந்ததால்தான் பன்னிரண்டு நாற்காலியில் ஏழுதான் வளைந்திருந்தது. கான்கிரீட்காரர்கள் கலவை சுமக்கிற பாண்டுச் சட்டிகளோடு வந்து நின்றுவிட்டார்கள். என்ஜினியர் அன்றைக்கு வேறு தளத்துக்குப் போயிருந்தார். கொக்கி ஏழையும் தள்ளித் தள்ளி வைத்துவிட்டு மேஸ்திரியைக் கேட்டார்.

"ஏழு தாங்கும்ல?"

"கம்பிக்காரன் நீயா, நானா? என்னைக் கேக்கறே!"

மேஸ்திரி சொன்னதில் நியாயம் இருந்தது. கொக்கி சாவியை மூட்டையில் போட்டுக் கட்டினார். மூன்றரை மணி. சாரத்தில் இறங்குகிறபோது ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். கான்கிரீட்காரன் ஒருவன் பாண்டுவோடு கம்பிகளுக்கு நட்டநடுவில் ஏறி நின்றான். அவன் காலடியில் கம்பி தணிந்தது. அவன் நகர்ந்த பிறகும் அது மேலே வரவில்லை. கொக்கி அதைப் பார்த்தார். பார்க்கவில்லை என்று தன்னிடம் சொல்லிக்கொள்ள அவரால் ஒருநாளும் முடிந்ததில்லை. பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

லாரி ஆறு மணிக்கு வந்தது. இரண்டு மணி நேரம் அவர் ஷெட் வாசலில் கல்லில் உட்கார்ந்து மூன்று டீ குடித்து, சுமைக்காரர்களோடு வெட்டிக் கதை பேசிக்கொண்டிருந்தார். மெஷினை வண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனபோது மனைவி வாசலுக்கே ஓடி வந்தாள். முதன்முதலாக அவருக்குத்தான் ஒரு சட்டை தைத்தாள். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்த கண்ணில்தான் அந்தத் தணிந்த கம்பியும் இருந்தது.

மறுநாள் போனபோது கான்கிரீட் இறுகிவிட்டிருந்தது. மேலே வழவழவென்று தேய்த்திருந்தார்கள். உள்ளே கம்பி எங்கே கிடக்கிறது, அங்குலமா, அரை அங்குலமா, அடிமட்டத்துக்கே போய்விட்டதா, யாருக்குத் தெரியும்? என்ஜினியர் வந்து, "எல்லாம் சரியா வெச்சீங்கல்ல?" என்று கேட்டார். "வெச்சேன் சார்" என்றார் கொக்கி. கட்டடம் முடிந்து ஆட்கள் குடிவந்தார்கள்.

இருபத்திரண்டு வருடம் ஓடியது. பேய் பிடித்தவர்களுக்கு வேப்பிலை அடிக்கலாம், மந்திரிக்கலாம், நாலு பேரிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளலாம். பால்கனி பிடித்தவன் யாரிடம் போவான்? உறவுக்காரர் வீட்டு மாடிக்குப் போனால் கொக்கி சுவரோரமாகவே நிற்பார். "காத்து நல்லா வருது, வெளிய வாங்க" என்றால் தலைவலி என்பார். தெருவில் ஏதாவது பாத்திரம் விழுந்து சத்தம் கேட்டால் கை வேலை அப்படியே நிற்கும். மழைக்காலம் வந்துவிட்டால் சோறு இறங்காது. ஊரில் எந்தக் கட்டடத்தில் என்ன இடிந்தாலும் முதலில் தெரு பெயரைக் கேட்பார். அந்தத் தெரு இல்லை என்று தெரிந்த பிறகுதான் "அடடா, யாருக்காவது அடியா?" என்று கேட்பார். அப்படிக் கேட்கிற தன்னை நினைத்து அவருக்கே அருவருப்பாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தத் தெருவுக்குப் போய்விடுவார். எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று, மூன்றாம் மாடிப் பால்கனியின் விளிம்பை இரண்டாம் மாடி விளிம்போடு ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிடுவார். சில வாரம் சரியாக இருக்கிற மாதிரி தெரியும். சில வாரம் தணிந்த மாதிரி தெரியும். கண்ணை நம்புவதா, பயத்தை நம்புவதா என்று புரியாமல் திரும்பி வருவார்.

முதலில் அங்கே இருந்தவர்கள் துணி காயப்போடுவதோடு சரி. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு அம்மா குடிவந்தார். தனி ஆள், ஏதோ அலுவலகத்தில் டைப் அடித்து ஓய்வு பெற்றவர். அவருக்குச் செடி பைத்தியம். முதல் வருடம் நாலு தொட்டி. கொக்கி கீழேயிருந்து எண்ணுவார். ஒன்பது, பதினாலு, இருபத்தாறு. ஒவ்வொரு தொட்டியும் தன் நெஞ்சின் மேல் இறங்குகிற மாதிரி இருக்கும். அந்தம்மா தினமும் தண்ணீர் ஊற்றுவார், ஈர மண்ணுக்குப் பாரம் அதிகம். மனதுக்குள் கொக்கி அவருக்குத் தொட்டிக்காரம்மா என்று பெயர் வைத்துவிட்டார். ஒரு தடவை அந்தம்மா குனிந்து கீழே பார்த்துவிட்டார். அதற்கப்புறம் இரண்டு வாரம் கொக்கி அந்தப் பக்கமே போகவில்லை.

சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவரும் கேட்டுக்கொண்டார். போய்ச் சொன்னால் எந்த நாள், ஏன் கிளம்பினாய், எங்கே போனாய் என்று வரும். அது சுற்றிச் சுற்றி வீட்டுக்கு வந்து அந்த மெஷினுக்கு முன்னால் நிற்கும். அந்த மெஷினில்தான் அவள் இரண்டு பெண்களைப் படிக்க வைத்தாள், கட்டிக் கொடுத்தாள். அதன் மேல் இந்தக் கறையை எப்படி வைப்பது? அதற்குள் போன வருடம் சாரத்திலிருந்து விழுந்து முட்டி போய்விட்டது. மாடிப்படி ஏற முடியாது என்று ஆனது. கடவுளே ஒரு காரணம் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது அவருக்கு.

முட்டிக்கு உடற்பயிற்சி சிகிச்சை எடுக்கச் சொன்னார்கள். வீட்டுக்கு எதிரிலேயே அரசு ஆஸ்பத்திரி இருக்க, கொக்கி இரண்டு பஸ் மாறி அந்தத் தெருவில் இருக்கிற சிகிச்சைக் கூடத்துக்குத்தான் போனார். ஜன்னலோரக் கட்டிலில் படுத்தால் பால்கனி தெரியும். சிகிச்சை கொடுக்கிற பெண் வாயாடி. அவர் காலைப் பிடித்து மெல்ல மடக்கி, ஒரு அளவுகோலை முட்டியில் வைத்துப் பார்ப்பாள்.

"எழுபது டிகிரி. போன மாசமும் எழுபது. தொண்ணூறு வளைஞ்சாத்தான் படி ஏறலாம். வீட்டுல செய்யறீங்களா, இல்லையா?"

"செய்யறேம்மா."

"பொய். முட்டி வளைய மாட்டேங்குதா, இல்ல உங்களுக்கு மனசு இல்லையா?"

மனசுதான் இல்லை. கம்பியில் தொண்ணூறை அவர் கண்ணை மூடிக்கொண்டு கொண்டுவருவார். முட்டியில் அது வந்துவிட்டால் மூன்று மாடியும் ஏறலாம், ஏறலாம் என்றால் ஏறியாக வேண்டும். அதனால் வீட்டில் பயிற்சியே செய்யாமல் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வீட்டிலோ வேறு மாதிரிக் கதை ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிறு தவறாமல் ஒரே தெரு, இப்போது ஆஸ்பத்திரியும் அதே தெரு. எந்தப் பெண்டாட்டிக்குத்தான் சந்தேகம் வராது? அவள் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு அவர் பஸ் ஏறியதும் அடுத்த பஸ்ஸில் தானும் ஏறிவிட்டாள்.

அன்றைக்குக் காலை பதினோரு மணிக்கு ஒரு மழை கொட்டி ஓய்ந்தது. கொக்கி கட்டிலில் படுத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் மாடியிலும் இரண்டாம் மாடியிலும் மழைத்தண்ணீர் சுவரோரமாக இருந்த குழாய் வழியாக இறங்கியது. அந்தச் சரிவை வைத்தது அவர் கண் முன்னால்தான், மூன்று பால்கனிக்கும் ஒரே சரிவு. மூன்றாம் மாடியில் மட்டும் குழாய் காய்ந்து கிடந்தது. தண்ணீர் முழுவதும் வெளி விளிம்பிலிருந்து வரிசையாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

கண்ணை நம்புவதா, பயத்தை நம்புவதா என்ற கேள்வி அத்தோடு முடிந்தது. தண்ணீருக்குப் பயம் கிடையாது. பள்ளம் எங்கேயோ அங்கே போகும். பால்கனி வளைந்துவிட்டது.

அதே நேரத்தில் அந்தக் கட்டடத்து வாசலில் ஒரு தள்ளுவண்டி வந்து நின்றது. இரண்டு பேர் ஒரு பெரிய சிமென்ட் தொட்டியைக் கயிறு கட்டி இறக்கினார்கள். தொட்டிக்காரம்மா மேலிருந்து, "பாத்துப்பா, ஒடைச்சிடாதீங்க, தாமரை வைக்கணும்" என்று குரல் கொடுத்தார். தொட்டி, தண்ணீர், சேறு. கொக்கிக்குக் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. காலில் கட்டியிருந்த பட்டையை அவிழ்த்து எறிந்துவிட்டு எழுந்தார்.

"எங்க போறீங்க? இன்னும் முடியலை!" என்று சிகிச்சைக்காரப் பெண் கத்தினாள்.

தெருவைக் கடந்து கட்டடத்தின் வாசலுக்கு நொண்டிக்கொண்டு போனால், அங்கே மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"மேல நிக்கறாளே, அவளா?"

"எவ?"

"நடிக்காதீங்க. எத்தனை வருஷமா நடக்குது?"

"இருபத்திரண்டு வருஷம்" என்றார் கொக்கி. அவருக்கு வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டுத்தான் அவசரம் அவசரமாக மிச்சத்தைச் சொன்னார். பால்கனி, நாற்காலி, பன்னிரண்டுக்கு ஏழு, தணிந்த கம்பி, இப்போது விளிம்பில் சொட்டுகிற தண்ணீர். மூச்சு வாங்கியது. தொட்டியைத் தூக்கியவர்கள் முதல் படிக்கட்டில் திரும்பிவிட்டிருந்தார்கள்.

"அது எந்த நாளு?" என்று கேட்டாள் அவள்.

"உன் மெஷின் வந்த நாளு."

அவள் அண்ணாந்து அந்த விளிம்பைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "லாரி ஆறு மணிக்குத்தானே வந்துச்சு?"

"ஆமா."

"அஞ்சு நாற்காலி வளைக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"பத்து நிமிஷம்."

அவள் தலையில் அடித்துக்கொள்ளவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. அவர் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, "ஏறுங்க" என்றாள்.

ஏறினார். எழுபதுக்கு மேல் வளையாத முட்டியை ஒவ்வொரு படியிலும் வளைத்தார். வலி உச்சந்தலைக்குப் போனது. இரண்டாம் மாடியில் வாய்விட்டே அழுதுவிட்டார். அவள் நிற்க விடவில்லை. மூன்றாம் மாடிக்குப் போனபோது வீட்டுக் கதவு திறந்திருந்தது. தொட்டியைத் தூக்கியவர்களில் முன்னால் போனவன் ஒரு காலைப் பால்கனியில் வைத்துவிட்டான்.

"வெளிய வைக்காதே! காலை எடு! எடுடா!"

அந்தச் சத்தத்தில் அவன் பயந்து பின்வாங்கி, தொட்டியைக் கூடத்திலேயே இறக்கினான். "யாருங்க நீங்க?" என்று கேட்டார் தொட்டிக்காரம்மா. கொக்கி சொன்னார். ஒளிக்காமல் சொன்னார். அந்தம்மா முதலில் சிரித்தார், பிறகு கோபப்பட்டார், பிறகு, "என்ன ஆதாரம்?" என்று கேட்டார். நல்ல கேள்விதான்.

"ஒரு சுத்தியும் உளியும் குடுங்கம்மா."

யாரையும் வெளியே கால் வைக்க விடாமல், பால்கனி வாசற்படியில் இருந்தபடியே துடைப்பக் கட்டையால் பக்கத்துத் தொட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்து உள்ளே எடுத்தார்கள். தொட்டிகள் நகர்ந்ததும், சுவரும் பால்கனியும் சேருகிற இடத்தில் நீளமாக ஒரு விரிசல் தெரிந்தது. அதற்குள் மண் இறங்கி, ஏதோ செடியின் வேரும் இறங்கியிருந்தது. தொட்டிக்காரம்மாவின் முகம் அப்போதுதான் மாறியது.

கொக்கி முட்டியை மடக்கி வாசற்படியில் உட்கார்ந்து, சின்னச் சின்னத் தட்டாகக் கொத்தினார். முதல் குழியில் ஒரு விரல்கணு ஆழத்திலேயே கம்பி வந்துவிட்டது. அதன் அடியில் அவருடைய நாற்காலி, வைத்த இடத்தில் வைத்தபடி நின்றது. ஒரு நிமிடம் அவருக்கு உயிர் வந்தது. ஒரு முழம் தள்ளி இரண்டாவது குழி. ஒரு கணு, இரண்டு கணு, மூன்று கணு, கம்பி இல்லை. முழு விரலும் உள்ளே போன பிறகுதான் நுனியில் தட்டுப்பட்டது. அடிமட்டத்தில் கிடந்தது, அன்றைக்குக் காலடியில் தணிந்தது தணிந்தபடி. இருபத்திரண்டு வருடமாக அந்தப் பால்கனியை ஏழு நாற்காலிதான் தாங்கிக்கொண்டிருந்தது.

கட்டடச் சொந்தக்காரர் வந்தார், கத்தினார். சாயங்காலத்துக்குள் அடியில் முட்டுக் கொடுத்தார்கள். நடைபாதையைக் கயிறு கட்டி மறித்தார்கள். மறு வாரம் பால்கனியை வெட்டி எடுத்துவிட்டார்கள். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள், கொக்கி போய் எழுதிக் கொடுத்தார். மனைவி கூடவே போனாள். அதெல்லாம் பிறகு நடந்தவை.

அன்றைக்கு மத்தியானம், ஆட்கள் முட்டுக்கட்டை கொண்டுவரப் போயிருந்த நேரத்தில், கூடம் முழுக்கத் தொட்டிகளுக்கு நடுவே மூன்று பேர்தான் இருந்தார்கள். தொட்டிக்காரம்மா கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தம்மாவின் கண் அவருடைய மடங்கிய விரல்களில் போய் நின்றது.

"ஞாயித்துக்கிழமை எதிர்த்தாப்புல நின்னு மேல பாப்பீங்களே, அவர்தானே நீங்க?"

"ஆமாம்மா."

"செடி புடிச்ச மனுஷன்னு நெனச்சேன். யாரோ ஒருத்தர் நம்ம செடியைப் பாக்க வாரா வாரம் வர்றாரேன்னுதான் இன்னும் ரெண்டு, இன்னும் ரெண்டுன்னு முன்னாடி வரிசையில வாங்கி வெச்சேன்."

கொக்கி தலை நிமிரவில்லை. மனைவி அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு நாள் நான் குனிஞ்சு உங்களுக்குக் கையாட்டினேன், ஞாபகம் இருக்கா? விளிம்புல சாஞ்சு நின்னுட்டு."

"இருக்கும்மா."

"நீங்களும் சிரிச்சிட்டுக் கையாட்டினீங்க."

"ஆட்டினேம்மா" என்றார் கொக்கி.

அந்தம்மா எழுந்து போய்ப் பால்கனிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.